பறவை பார்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: காக்கா முதல்ல, கேமரா கடைசில

2020-ல, லாக்டவுன் நேரம், சிவகங்கை மாவட்டத்துல பொத்தகுடின்னு ஒரு ஊரு ஒரு மாசத்துக்கும் மேல தெருவிளக்கே போடாம இருட்டுல கிடந்துச்சு. கரண்ட் கட் எல்லாம் இல்ல. தெருவிளக்கு போடுற ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ள ஒரு குருவி கூடு கட்டி முட்டை வெச்சிருந்தது, அங்க போய் ஸ்விட்ச் போடுற காலேஜ் பையன் அதைப் பார்த்துட்டு ஊர்ல எல்லார்கிட்டயும் பேசி, குஞ்சு பொரிச்சு பறந்து போற வரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. நாடு முழுக்க நியூஸ் ஆச்சு, வாட்ஸ்அப்ல சுத்தாத குரூப்பே இல்ல.

இந்த மாதிரி விநோதமான பறவை நியூஸ் நாலஞ்சு எடுத்து வெச்சுப் பாருங்க, பெரும்பாலும் அதை முதல்ல கவனிச்சவரு பெரிய லென்ஸ் வெச்சிருக்கிற ஆளா இருக்க மாட்டாரு, தினமும் அதே இடத்துல நடமாடி, நேத்து இல்லாதது இன்னைக்கு என்னமோ இருக்கேன்னு கண்டுபிடிக்கிற ஆளாத்தான் இருப்பாரு. பேர்டிங், அதாவது பறவை பார்க்கிறதுன்னா அடிப்படையில அவ்வளவுதான். சாதாரணமா என்ன இருக்கும்னு நல்லாத் தெரிஞ்சாத்தான் அசாதாரணமா ஒண்ணு வந்தா கண்ணுல படும். அதனாலதான் புதுசா வர்றவங்க "எந்த கேமரா வாங்கலாம்"னு கேட்டா எனக்குக் கொஞ்சம் கடுப்பாகும். வாங்காதீங்க. இப்போதைக்கு எதுவுமே வாங்காதீங்க. கீழ சொல்ற வரிசையில போங்க, செலவு பண்ற கட்டம் வரும்போது நானே சொல்றேன்.

முதல் வேலை: வீட்டைச் சுத்தி ஒரு பத்துப் பறவை

காலைல ஆறுல இருந்து எட்டுக்குள்ள மொட்டை மாடியோ பால்கனியோ வாசலோ, எங்கயாவது கால் மணி நேரம் சும்மா உக்காருங்க. போனைத் தொடாதீங்க. முதல்ல வர்றது காக்கா, அதையே ஒழுங்கா பாருங்க. கழுத்து சாம்பல் கலர்ல இருந்தா வீட்டுக் காக்கா, உடம்பு முழுக்கக் கருப்பா அலகு தடியா குரல் கொஞ்சம் கரகரன்னு இருந்தா அண்டங்காக்கா. இது ரெண்டும் வேற வேற இனம்னு தெரியாமலே நாப்பது வயசு வரைக்கும் ஓட்டினவங்க நிறைய பேர் இருக்காங்க.

அடுத்து கரண்ட் கம்பில உக்காந்திருக்கிற கருப்புக் குருவி, வால் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும், அதுதான் கரிச்சான், இரட்டைவால் குருவின்னும் சொல்வாங்க. ஆளு சின்னதுதான், ஆனா கூடு பக்கத்துல காக்கா வந்தா விடாது, பருந்தே வந்தாலும் மேல ஏறி ஏறிக் கொத்தித் துரத்தும். இதைப் பார்க்க டிக்கெட் எல்லாம் வேண்டாம், ஏப்ரல் மே மாசம் எந்த ஊர்லயும் நடக்கும்.

அப்புறம் மைனா, கண்ணைச் சுத்தி மஞ்சள், பறக்கும்போது ரெக்கைல வெள்ளைத் திட்டு பளிச்சுன்னு தெரியும். கூட்டமா ஆறேழு சேர்ந்து தரையில குப்பையக் கிளறிக்கிட்டு ஒரே சத்தமா சண்டை போட்டுக்கிட்டு இருந்தா தவிட்டுக்குருவி. புதருக்குள்ள இருந்து "உப் உப் உப்"னு ஆழமா ஒரு சத்தம் வந்து, பார்த்தா காக்கா சைஸ்ல செங்கல் கலர் ரெக்கையோட கண்ணு செக்கச்செவேல்னு ஒண்ணு பதுங்கிப் பதுங்கி நடந்தா அது செண்பகம். மரத்து உச்சில இருந்து பாத்திரக் கடையில தட்டுற மாதிரி "டுக் டுக் டுக்"னு விடாம சத்தம் வந்தா செம்மார்பு குக்குறுவான், சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும் ஆனா பறவை சுலபமா கண்ணுல படாது, பச்சைக் கலர், இலைக்குள்ள இலையா இருக்கும், இலை இல்லாத மொட்டைக் கிளையில வந்து வெயில் காயும்போதுதான் மாட்டும்.

குயில் விஷயத்துல புதுசா வர்ற எல்லாருமே ஏமாறுவாங்க. கருப்பா செவந்த கண்ணோட இருக்கிறது ஆம்பள, அதுதான் பாடுறது. பொம்பளக் குயிலு பழுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி புள்ளியா இருக்கும், ஆளே வேற மாதிரி, அது "கிக் கிக் கிக்"னு கத்திக்கிட்டே ஓடும். அதைப் போட்டோ எடுத்து "புது பறவை வந்திருக்கு, என்னன்னு சொல்லுங்க"ன்னு குரூப்ல போடுறது வாரம் ஒரு தடவையாவது நடக்கும். தப்பில்ல. எல்லாரும் அந்த வழியாத்தான் வந்திருக்காங்க.

இதோட கொண்டை வெச்சு வாலுக்கு அடியில சிவப்பா இருக்கிற செங்குதச் சின்னான், செம்பருத்திப் பூவுல தொங்குற தேன்சிட்டு, தண்ணியே இல்லாத தெருவுல லைட் கம்பத்து மேல உக்காந்து பல்லி பிடிக்கிற வெண்மார்பு மீன்கொத்தி, ராத்திரி தெருவிளக்குக்கிட்ட பூச்சி பிடிக்க வர்ற புள்ளி ஆந்தை, வானத்துல வட்டம் போடுற கள்ளப்பருந்து. பத்துக்கு மேலயே ஆயிடுச்சு. இதுங்களை முதுகைப் பார்த்தே, சத்தத்தைக் கேட்டே, பறக்கிற விதத்தை வெச்சே சொல்ற அளவுக்கு வாங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும், ஆகட்டும்.

எதைப் பார்க்கணும்

தெரியாத பறவை ஒண்ணு வந்துச்சுன்னா உடனே கை போன் பக்கம் போகும். வேண்டாம், அது பறந்து போற வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க. சைஸ் என்ன, சிட்டுக்குருவி அளவா மைனா அளவா காக்கா அளவா? அலகு எப்படி, நீளமா குட்டையா வளைஞ்சா? என்ன பண்ணுது, தரையில நடக்குதா தத்தித் தத்திப் போகுதா, கம்பில உக்காந்து பூச்சியைப் பிடிச்சுட்டு திரும்ப அதே இடத்துக்கு வருதா, வாலை ஆட்டிக்கிட்டே இருக்கா? கலரைக் கடைசியாப் பாருங்க. காலை வெயில்ல வெள்ளை மஞ்சளாத் தெரியும், வெயிலுக்கு எதிர்ல உக்காந்தா எல்லாப் பறவையும் கருப்புதான். கலரை மட்டும் வெச்சுக்கிட்டு "மஞ்சளா இருந்துச்சு அண்ணா, என்ன பறவை"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது.

அது போனதுக்கு அப்புறம் ஒரு நோட்டுல எழுதுங்க. படம் வரையத் தெரியலைன்னாலும் ஒரு முட்டை, அதுல ஒரு தலை, எங்க கோடு இருந்துச்சு எங்க புள்ளி இருந்துச்சுன்னு கிறுக்கி வைங்க. பள்ளிக்கூடப் பசங்க இதை நம்மளை விட நல்லாப் பண்ணுவாங்க.

வைரின்னு ஒண்ணு இருக்கு, புறா சைஸ் இருக்கிற குட்டி வல்லூறு மாதிரியான பறவை, நகரத்துக்குள்ளயே அணில் ஓணான் பிடிச்சுக்கிட்டு வாழும். அதே மாதிரி வேஷத்துல அக்காக்குருவின்னு ஒரு குயில் வகையும் இருக்கு, நெஞ்சுல கோடு, வால்ல பட்டை, பறக்கிற ஸ்டைல் எல்லாமே வைரி மாதிரியே. ரெண்டையும் பிரிக்கணும்னா அலகைப் பாருங்க, வைரிக்குக் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், அக்காக்குருவிக்கு நேரா இருக்கும். இதை ஒரு தடவை சொந்தமாப் பிரிச்சுட்டீங்கன்னா அப்புறம் இந்தப் பைத்தியத்துல இருந்து வெளிய வர்றது கஷ்டம்.

இப்பதான் பைனாகுலர்

ரெண்டு மாசம் கழிச்சும் ஆசை குறையலைன்னா பைனாகுலர் வாங்கலாம். மேல ரெண்டு நம்பர் போட்டிருக்கும், 8x42ன்னா எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்னாடி இருக்கிற கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். ஆரம்பிக்கிறவங்களுக்கு 8x42 தான் சரி. 10x42 இன்னும் கிட்டக் காட்டும், ஆனா கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும், பார்க்கிற பரப்பும் சுருங்கிடும், மரத்துக்குள்ள ஓடுற சிட்டைப் பிடிக்கவே முடியாது. ஏரிப் பக்கம் மட்டுமே போறவங்களுக்கு 10 ஓகே. ஆன்லைன்ல "100x ஜூம்"னு எழுநூறு ரூபாய்க்கு வர்றதை எல்லாம் தொடாதீங்க, அது பொம்மை. ஜூம் ஆகிற பைனாகுலரே வேண்டாம். முடிஞ்சா யாராவது பேர்டர்கிட்ட வாங்கி கையில பிடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் காசு போடுங்க, கனம் கழுத்துக்கு ஒத்து வருதான்னு அப்பதான் தெரியும்.

வாங்கினதும் பாதிப் பேர் செய்யாம விடுற வேலை ஒண்ணு இருக்கு. நம்ம ரெண்டு கண்ணுக்கும் பவர் ஒரே மாதிரி இருக்காது, அதுக்கு வலது கண் வைக்கிற இடத்துல ஒரு வளையம் சுத்துற மாதிரி இருக்கும். முதல்ல வலது கண்ணை மூடிக்கிட்டு தூரத்துல ஒரு போர்டைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்து தெளிவாகிற வரைக்கும் வைங்க, அப்புறம் இடது கண்ணை மூடிக்கிட்டு நடுச் சக்கரத்தைத் தொடாம அந்த வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே போர்டைத் தெளிவாக்குங்க. முடிஞ்சுது, இனிமே நடுச் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போடுறவங்க ரப்பர் கப்பைக் கீழ இறக்கி வெச்சுக்கணும், கண்ணாடி போடாதவங்க மேல ஏத்திக்கணும். இதைச் செய்யாம "தலை வலிக்குது, ரெண்டு ரெண்டாத் தெரியுது"ன்னு பைனாகுலரை பீரோல வெச்சுப் பூட்டினவங்க இருக்காங்க.

பறவையைப் பிடிக்கிற டெக்னிக்: வெறுங்கண்ணால பறவையைப் பாருங்க, பார்வையை எடுக்காம கையை மட்டும் தூக்கி பைனாகுலரைக் கண்ணுக்கு முன்னாடி கொண்டு வாங்க. பைனாகுலர் வழியா மரம் மரமாத் தேடினா சாயங்காலம் ஆயிடும்.

ஈபேர்டு, மெர்லின்

ரெண்டு ஆப் போட்டுக்கோங்க, ரெண்டுமே ஃப்ரீ, ரெண்டையும் அமெரிக்காவுல இருக்கிற கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகம் நடத்துது. மெர்லின் பறவையை அடையாளம் கண்டுபிடிக்க, ஈபேர்டு பார்த்ததை லிஸ்ட் போட. மெர்லின்ல நம்ம ஏரியாவுக்கான பேக்கை, அதாவது அந்தப் பகுதிப் பறவைங்களோட தகவல் தொகுப்பை, வீட்டு வைஃபைல டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டா காட்டுல சிக்னல் இல்லாட்டியும் ஓடும்.

மெர்லின்ல சத்தத்தைக் கேட்டு பேர் சொல்ற வசதி ஒண்ணு இருக்கு, புதுசா வர்றவங்க அதுல மயங்கிடுறாங்க. நல்ல வசதிதான், "இந்தச் சத்தம் என்னவா இருக்கும்"னு ஒரு க்ளூ கொடுக்கும். ஆனா அது சொன்னதை அப்படியே லிஸ்ட்ல போடக் கூடாது. ஆட்டோ ஹாரன், அணில், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் நடுவுல புகுந்து குழப்பும். மலைப்பக்கம் போனா துடுப்புவால் கரிச்சான்னு ஒண்ணு இருக்கும், அது மத்த பறவைங்க குரலையெல்லாம் மிமிக்ரி பண்ணும், நீங்க போனை நீட்டிக்கிட்டு நின்னீங்கன்னா ஒரே மரத்துல நாலு பறவை இருக்குன்னு காட்டிட்டுப் போகும். ஆப் பேர் சொன்னதும் கண்ணால தேடிப் பாருங்க, பார்த்துட்டுப் போடுங்க.

ஈபேர்டுல லிஸ்ட் போடுறது சுலபம். ஆரம்பிக்கிற பட்டனைத் தட்டுங்க, நேரமும் இடமும் அதுவே எடுத்துக்கும், பார்க்கிற பறவையையும் எண்ணிக்கையையும் போட்டுக்கிட்டே வாங்க, குறைஞ்சது 15 நிமிஷம் பண்ணுங்க, கடைசில "பார்த்தது கேட்டது எல்லாத்தையும் போட்டுட்டீங்களா"ன்னு ஒரு கேள்வி வரும், ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. அந்த ஆமாவுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. ஏன்னா காக்கா மைனா உட்பட எல்லாத்தையும் போட்டாத்தான், லிஸ்ட்ல இல்லாத பறவை நிஜமாவே உங்க கண்ணுக்குத் தட்டுப்படலைன்னு ஆய்வு பண்றவங்களுக்குப் புரியும். "காக்கா தானே"ன்னு விட்டுட்டு அபூர்வமான ஒண்ணை மட்டும் போட்டா அது பெருமைக்கு ஆகும், வேற எதுக்கும் ஆகாது.

எண்ணிக்கை தெரியலைன்னா எக்ஸ் போடலாம், ஆனா ஒரு சுமாரான நம்பர் எக்ஸை விட நல்லது. ஏரியில வாத்து கூட்டமா இருந்தா முதல்ல பத்தை எண்ணுங்க, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு பாருங்க, அதே அளவு இன்னும் எத்தனை இருக்குன்னு கண்ணால அளந்துக்கிட்டே போங்க.

ஒரு நாள் உங்களுக்கு ஈபேர்டு ரிவ்யூவர்கிட்ட இருந்து மெயில் வரும். "இந்தப் பறவை இந்த இடத்துல இந்த மாசத்துல வழக்கமாப் பார்க்கிறது இல்ல, போட்டோவோ குறிப்போ இருக்கா"ன்னு பணிவாக் கேட்டிருப்பாங்க. இதுக்குப் போய் சண்டை போட்டவங்க கதையெல்லாம் ஏராளம். அவங்களும் சம்பளம் வாங்காத வாலண்டியர்கள்தான், நம்மளை மாதிரியே ஆபீஸ் போயிட்டு வந்து ராத்திரி உக்காந்து சரிபார்க்கிறவங்க. நோட்டுல கிறுக்கின முட்டைப் படம் இந்த இடத்துல உதவும்.

எப்ப போறது, எங்க போறது

தமிழ்நாட்டுல சீசன்னா அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும். வடகிழக்குப் பருவமழையில ஏரி குளம் நிறையும், வடக்குல இருந்து வலசை வர்ற பறவைங்களும் அப்பதான் வரும். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை மாதிரி கூட்டமா கூடு கட்டுறதுங்களும் தண்ணி இருந்தாத்தான் இறங்கும், மழை பொய்ச்ச வருஷம் சரணாலயம் காலியாக் கிடக்கும். அதனால "டிசம்பர்ல போனோம், ஒண்ணுமே இல்ல"ன்னு திட்டுறதுக்கு முன்னாடி அந்த வருஷம் ஏரில தண்ணி இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க.

வேடந்தாங்கல் எல்லாருக்கும் தெரியும். ஆனா அது காட்டிலாகா வந்ததுக்கு அப்புறம் உருவானது இல்லைங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது. 18-ம் நூற்றாண்டு கடைசில வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்க வந்து சுட ஆரம்பிச்சப்ப ஊர்க்காரங்க கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட போய் முறையிட்டு, யாரும் சுடக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. சும்மா பாசத்துல மட்டும் இல்ல, பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரத்தண்ணி, அந்தக் கணக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமா திரும்பி வரும். பக்கத்துலயே கரிக்கிளி இருக்கு, கூட்டம் குறைவு, வாத்து வகை பார்க்க நல்லா இருக்கும்.

தெக்க திருநெல்வேலி மாவட்டத்துல கூந்தன்குளம். அங்க ஊருக்கும் சரணாலயத்துக்கும் நடுவுல வேலி கீலி கிடையாது, வீட்டு வாசல் மரத்துலயே நாரை கூடு கட்டியிருக்கும், எச்சம் தலையில விழும், மீன் வாடை அடிக்கும், ஊர் ஆளுங்க அதுக்குள்ளயே கோலம் போட்டுக்கிட்டு இருப்பாங்க. பட்டைத்தலை வாத்து அங்க குளிர்காலத்துல வரும், இமயமலையைத் தாண்டிப் பறந்து வர்ற ஆளு அது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டின கொள்ளுக்குடிப்பட்டில தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதே இல்ல, பல வருஷமா அப்படித்தான், வருஷா வருஷம் தீபாவளி சமயத்துல பேப்பர்ல ஒரு மூலையில இந்த நியூஸ் வந்துடும்.

சென்னைக்காரங்களுக்குப் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஏரி, கேளம்பாக்கம் உப்பங்கழி, கொஞ்சம் தூரம்னா பழவேற்காடு. பள்ளிக்கரணைல ரேடியல் ரோட்டு ஓரமா நின்னே பார்க்கலாம், ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் குப்பை மேடு, நடுவுல பூநாரை. கோவைல உக்கடம், சிங்காநல்லூர் குளம். மத்த ஊர்க்காரங்க ஊர்க் கண்மாய்க்குப் போங்க, அதுவே போதும், யாரும் லிஸ்ட் போடாத கண்மாய்ல நீங்க போடுற ஒரு லிஸ்ட்டுக்கு மதிப்பு அதிகம்.

மங்கலான கலர் சட்டை, தொப்பி, தண்ணி, ஏதாவது சாப்பிட. பெர்ஃப்யூம் பிரச்சனை இல்ல, பளபளன்னு சிவப்பு வெள்ளைச் சட்டையும் சத்தமாப் பேசுறதும்தான் பிரச்சனை. ஏரிக்கரையில டாய்லெட் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

ஆட்களோட போகும்போது

தனியாப் பார்க்கிறது ஒரு சுகம்னாலும் வேகமாக் கத்துக்கணும்னா விவரம் தெரிஞ்சவங்களோட போகணும். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-ல இருந்து இருக்கு, கோவையிலயும் சேலத்துலயும் இதே மாதிரி அமைப்புகள் இருக்கு, வாக் கூட்டிட்டுப் போவாங்க, பெரும்பாலும் காசு கிடையாது. நெல்லைப் பக்கம் 2011-ல இருந்து தாமிரபரணி நீர்வாழ் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, குளம் குளமாப் போய் எண்ணுவாங்க, அதுல புதுசா வர்றவங்களையும் சேர்த்துக்குவாங்க.

அங்க போனா சில வார்த்தைகள் காதுல விழும். லைஃபர்ன்னா வாழ்க்கைல முதல் தடவையாப் பார்க்கிற பறவை, பார்த்தா டீ வாங்கித் தரணும்னு சில குரூப்ல எழுதப்படாத சட்டம். டிப் ஆயிட்டேன்னா தேடிப் போன பறவை கிடைக்காமத் திரும்பிட்டேன்னு அர்த்தம். ட்விட்ச்னா ஒரு அபூர்வப் பறவை வந்திருக்குன்னு கேள்விப்பட்டதும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுறது. இதுல இங்கிலாந்துக்காரங்க ஒரு படி மேல. 1989 ஆரம்பத்துல கென்ட் பகுதியில மெய்ட்ஸ்டோன் பக்கத்துல ஒரு சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங்ல வட அமெரிக்காவோட ஒரு குட்டிப் பறவை, தங்கச்சிறகு வார்ப்ளர், கடல் தாண்டி வழிதவறி வந்து இறங்கிடுச்சு. ஆயிரக்கணக்கான பேர் அங்க குவிஞ்சுட்டாங்க, காய்கறி வாங்க வந்தவங்களுக்கு வண்டி நிறுத்த இடம் இல்ல. நம்ம ஊர்ல இன்னும் அந்த அளவு போகலை, ஆனா ஒரு அபூர்வ வாத்து வந்துச்சுன்னா மறுநாள் காலைல அஞ்சரைக்கு ஏரிக்கரையில கார் வரிசையா நிக்கிறது இங்கயும் ஆரம்பிச்சாச்சு.

பைனாகுலர் கோஷ்டிக்கும் கேமரா கோஷ்டிக்கும் ஒரு செல்லச் சண்டை எப்பவும் ஓடும். எனக்கு கேமராக்காரங்க மேல கோபம் இல்ல, அவங்க போட்டோதான் பல சந்தேகத்தைத் தீர்க்குது. கோபம் வர்றது வேற விஷயத்துக்கு: போன்ல பறவைக் குரலைப் போட்டு வெளிய வரவைக்கிறது. தன் ஏரியாவுக்குள்ள இன்னொரு ஆம்பள வந்துட்டான்னு நினைச்சு அது சாப்பாட்டை விட்டுட்டு, கூட்டை விட்டுட்டு சண்டைக்கு அலையும். நீங்க ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க, அடுத்து இன்னொருத்தர் வந்து அதே பாட்டைப் போடுவாரு. ஆரம்பத்துல இருந்தே இந்தப் பழக்கம் வேண்டாம். கூடு கட்டியிருந்தா கிட்டப் போகாதீங்க, இலையை விலக்காதீங்க, நீங்க போன வழியைப் பார்த்தே காக்கா முட்டை குஞ்சைத் தின்ன பின்னாடி வரும். ஆந்தை உக்காந்திருக்கிற மரத்தை லொகேஷனோட ஷேர் பண்ணாதீங்க. "எங்க பார்த்தீங்க"ன்னு கேட்டா யாராவது மழுப்பலா பதில் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க, காரணம் இருக்கும்.

விநோதமா ஒண்ணு வந்துட்டா

அக்டோபர் நவம்பர்ல வீட்டு பால்கனிலயோ பாத்ரூம்லயோ ஆபீஸ் படிக்கட்டுலயோ பச்சை முதுகு, மஞ்சப்பழுப்பு நெஞ்சு, வாலுக்குக் கீழ சிவப்பு, குட்டை வால்னு கலர் கலரா ஒரு பறவை பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கலாம். பயப்படாதீங்க, கிளிக்கூண்டுல இருந்து தப்பினது இல்ல, ஆறுமணிக்குருவி. வடக்குல இருந்து ராத்திரியில பறந்து வலசை வர்றது, களைச்சுப் போயோ கண்ணாடியில முட்டியோ விழுந்திருக்கும். சென்னைல ஒவ்வொரு சீசனும் இந்தக் கதை வரும். துணியைப் போட்டு மெதுவா எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில வெச்சு, மூடி, இருட்டா அமைதியா ஒரு இடத்துல விடுங்க. வாயில தண்ணி ஊத்தக் கூடாது, சோறு ஊட்டக் கூடாது, செல்ஃபி வேண்டாம். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சதும் செடி மரம் இருக்கிற இடத்துல பெட்டியைத் திறந்து வெச்சா அதுவே போயிடும். ரெக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்கோ விலங்குகள் காப்பகத்துக்கோ சொல்லுங்க. மரத்துல இருந்து விழுந்த இறகு முளைச்ச குஞ்சுன்னா எடுத்துட்டு வீட்டுக்கு வராதீங்க, பூனை எட்டாத கிளையில வெச்சுட்டுத் தள்ளிப் போனா அப்பா அம்மா வந்துடும். காட்டுப் பறவையை வீட்டுல வளர்க்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், பச்சைக்கிளிக்கும் சேர்த்துத்தான்.

புயல் அடிச்சு ஓய்ஞ்ச மறுநாள் அனுபவசாலிங்க கடற்கரைக்கும் ஏரிக்கும் கிளம்பிடுவாங்க, ஏன்னா நடுக்கடல்லயே வாழுற ஆலாக்கள் எல்லாம் காத்துல அடிச்சு கரைக்கு வந்திருக்கும். 2017-ல ஒக்கி புயலுக்கு அப்புறம் கன்னியாகுமரில ஒரு பெரிய கருப்புப் பிணந்தின்னிக் கழுகு கிடைச்சது, சினேரியஸ் வல்ச்சர்னு சொல்ற இனம், அது இருக்க வேண்டிய இடம் வடக்க எங்கேயோ. அதுக்கு ஒக்கின்னே பேர் வெச்சு உதயகிரிக் கோட்டையில வருஷக்கணக்கா வெச்சுப் பராமரிச்சு, 2022 நவம்பர்ல ரோட்டுல சென்னை வரைக்கும், அங்க இருந்து பிளேன்ல ராஜஸ்தான் ஜோத்பூருக்கும் அனுப்பி வெச்சாங்க. ரெக்கை இருக்கிற ஆளு டிக்கெட் போட்டு ஊர் திரும்பின கதை.

கால்ல வளையமோ கலர் பட்டையோ இருக்கிற பறவையைப் பார்த்தா எந்தக் கால், என்ன கலர், என்ன எழுத்துன்னு குறிச்சு, முடிஞ்சா போட்டோ எடுத்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்க, கோடியக்கரையில பல வருஷமா பறவைங்களுக்கு வளையம் போடுறது அவங்கதான். வளையத்தைப் பார்த்ததும் உளவாளின்னு கிளப்பி விடாதீங்க. 2023 மே மாசம் மும்பைல ஒரு புறாவைப் பிடிச்சு, கால்ல வளையம், ரெக்கைல சீன எழுத்து மாதிரி என்னமோ இருக்குன்னு எட்டு மாசம் ஆஸ்பத்திரிக் கூண்டுல வெச்சிருந்தாங்க. கடைசில அது தைவான்ல ரேஸ்ல விட்ட புறான்னு தெரிஞ்சு 2024 ஜனவரி கடைசில விட்டாங்க. வளையமும் டிராக்கரும் இல்லாம இருந்திருந்தா பட்டைவால் மூக்கன் கதையே நமக்குத் தெரிஞ்சிருக்காது: 2022 அக்டோபர்ல அஞ்சு மாசக் குஞ்சு ஒண்ணு அலாஸ்காவுல கிளம்பி, எங்கயும் இறங்காம, 11 நாள் பறந்து டாஸ்மேனியாவுல போய் இறங்குச்சு, 13,560 கிலோமீட்டர். அதே இனம் குளிர்காலத்துல நம்ம கோடியக்கரைப் பக்கமும் வரும், வேற கூட்டம்தான், சேத்துல நீட்டு அலகைக் குத்திக்கிட்டு நிக்கும்.

கேமரா

சரி, இப்ப வேணும்னா வாங்கிக்கோங்க.

முதல் கணக்கெடுப்பு

எங்க ஆரம்பிக்கிறதுன்னு இன்னும் யோசிக்கிறவங்களுக்குப் பொங்கல் லீவு சரியான நேரம். 2015-ல இருந்து வருஷா வருஷம் ஜனவரில அந்த நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, யாரும் கலந்துக்கலாம், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் இல்ல. ஈபேர்டுல கணக்கு இருக்கணும், 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு பார்த்ததை எல்லாம் போடணும், அவ்வளவுதான். ஊருக்குப் போயிருந்தா அங்க இருந்தே போடுங்க, வயக்காடு, கண்மாய், மாட்டுத் தொழுவம் எங்க இருந்தாலும் சரி. கூட வர்ற சித்தப்பா பெரியம்மா எல்லாருக்கும் நமக்குத் தெரியாத பத்து ஊர்ப் பேராவது தெரிஞ்சிருக்கும், அதையும் நோட்டுல எழுதிக்கோங்க. பிப்ரவரில இதே மாதிரி உலகம் முழுக்க நாலு நாள் நடக்கிற கணக்கெடுப்பும் வரும், அதுக்கும் இதே லிஸ்ட் முறைதான். போகிக்கு முந்தின நாளே ஆப்ல உங்க ஊர் பேக்கை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க, ஊர்ல போய் நெட் தேடி அலைய வேண்டாம்.